இடக்கைக்காரருக்குப் பௌலிங் பந்தில் துளை போடுதல்: விரல் பிட்ச் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிட்ச் என்றால் என்ன? சாய்வை ஏன் அங்குலத்தில் சொல்கிறார்கள்?

பாதையில் உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் பந்தில் நடுவிரல், மோதிர விரல், கட்டைவிரல் மூன்றுக்கும் துளை உண்டு. விரல் துளையின் நடுக்கோட்டைப் பந்துக்குள் நீட்டிக்கொண்டே போனால், அது பந்தின் மையத்தைத் தொடலாம் அல்லது மையத்தை விட்டு விலகிப் போகலாம். அந்த விலகல்தான் பிட்ச். கோடு நேராக மையத்துக்குப் போனால் பிட்ச் பூஜ்யம். மையத்திலிருந்து 1/8 அங்குலம், அதாவது தச்சர் கணக்கில் ஒரு நூல், தள்ளிப் போனால் பிட்ச் 1/8. துளை போடும் இயந்திரத்தில் பந்தின் மையத்தைத்தான் நகர்த்துகிறோம். அந்த நகர்வு அங்குலத்தில் இருப்பதால் சாய்வையும் அங்குலத்தில் சொல்லும் வழக்கம் நிலைத்துவிட்டது.

விதிப்படி பந்தின் விட்டம் 8.500 முதல் 8.595 அங்குலம் வரை இருக்கலாம். ஆரத்தை 4.3 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 1/8 பிட்ச் என்பது சுமார் 1.7 பாகை, 1/4 என்பது 3.3 பாகை, 3/8 என்பது 5 பாகை, 1/2 என்பது 6.7 பாகை. துளைக்குள் ஒரு அங்குல ஆழத்தில் 1/8 பிட்ச் உண்டாக்கும் இடமாற்றம் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. கேட்டால் அற்பமாகத் தோன்றும், ஆனால் ஒரு மாலையில் அறுபது எழுபது முறை வீசும் விரல் அதை உணர்ந்துவிடும்.

ஃபார்வர்ட், ரிவர்ஸ், லேட்டரல்: எது எந்தப் பக்கம்?

துளையின் அடிப்பகுதி உள்ளங்கையை நோக்கிச் சாய்ந்தால் ஃபார்வர்ட். உள்ளங்கையை விட்டு வெளியே சாய்ந்தால் ரிவர்ஸ். விரலுக்கும் கட்டைவிரலுக்கும் இதே பொருள்தான். பக்கவாட்டில் சாய்வது லேட்டரல்.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. துளையில் ஒரு பென்சிலைச் செருகிப் பார்த்தால், வெளியே தெரியும் முனை எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். ஃபார்வர்ட் போட்ட நடுவிரல் துளையில் பென்சிலின் மேல்முனை உள்ளங்கையை விட்டு விலகித்தான் நிற்கும். அடிப்பகுதி எங்கே போகிறது என்பதுதான் பிட்சின் திசை. வெளியே நிற்கும் முனையைப் பார்த்துப் பெயர் சொன்னால் எல்லாமே தலைகீழாகிவிடும்.

இடக்கைக்காரருக்கு இதில் என்னதான் மாறுகிறது?

லேட்டரல் மட்டும். ஃபார்வர்டும் ரிவர்ஸும் இரு கைக்கும் ஒன்றே. கண்ணாடியில் பார்த்தால் இடமும் வலமும் மாறும், மேலும் கீழும் மாறாது, அவ்வளவுதான்.

விரல் துளைகள் மேலே, கட்டைவிரல் துளை கீழே இருக்கும்படி பந்தைப் பிடித்துப் பாருங்கள். வலக்கைக்காரரின் நடுவிரல் இடப்பக்கம், மோதிர விரல் வலப்பக்கம். இடக்கைக்காரருக்கு நடுவிரல் வலப்பக்கம், மோதிர விரல் இடப்பக்கம். உள்ளங்கையும் கட்டைவிரல் துளைக்கு இடப்பக்கமாக அமையும். ஆகவே கட்டைவிரலை ‘உள்ளங்கைக்கு அடியில்’ சாய்க்க வேண்டும் என்றால் வலக்கைக்காரருக்கு வலது லேட்டரல், இடக்கைக்காரருக்கு இடது லேட்டரல்.

அளவுச்சீட்டில் ‘இ’, ‘வ’ என்று ஓரெழுத்தில் எழுதுவதை விட்டுவிடுவது நல்லது. விரல்களுக்கு ‘ஒன்றையொன்று நோக்கி’, ‘ஒன்றைவிட்டு ஒன்று’ என்றும், கட்டைவிரலுக்கு ‘கைக்கு அடியில்’, ‘கைக்கு வெளியே’ என்றும் எழுதினால் எந்தக் கையாக இருந்தாலும் சீட்டு ஒரே பொருளைத் தரும். இயந்திரத்தின் முன் நிற்கும்போதுதான் அதை இடம், வலமாக மாற்ற வேண்டும். அதற்கு முன் மாற்றினால் வழியில் யாரோ ஒருவர் இன்னொரு முறை மாற்றிவிடுவார்.

ஃபார்வர்டா ரிவர்ஸா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

விரலின் நுனி மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்பதை வைத்து.

ஃபிங்கர்டிப் பிடியில் விரல் முதல் மூட்டு வரைதான் உள்ளே போகும். மற்ற பகுதி பந்தின் மேல் நீண்டு கிடக்கும். அப்படி நீட்டிய நிலையில் நுனி மூட்டு நன்றாக மடங்கினால் விரல்நுனி நேராக மையத்தை நோக்கி இறங்கும். அவருக்குப் பூஜ்யமோ சிறிது ஃபார்வர்டோ இயல்பாக இருக்கும். மூட்டு பாதிதான் மடங்குகிறது என்றால் நுனி முன்பக்கமாக, கையை விட்டு விலகிய திசையில்தான் போகும். அவருக்குத் துளையும் அந்தத் திசையில், அதாவது ரிவர்ஸில், இருக்க வேண்டும். இல்லையென்றால் மூட்டை வலிந்து மடக்கித்தான் விரலை உள்ளே விட முடியும்.

ஸ்பேன், அதாவது கட்டைவிரல் துளைக்கும் விரல் துளைக்கும் இடையிலான தூரம், நீளமாக உள்ளவருக்கு ரிவர்ஸ் கூடுவதற்கும் காரணம் இதுதான். கை எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்கு மடங்கும் இடம் குறையும்.

சோதிக்கும் முறை: வீசும் இடக்கையை, அளவெடுத்த ஸ்பேனில், துளையில்லாத பந்தின் மேல் தளர்வாக வையுங்கள். கட்டைவிரல் தன் இடத்தில் இருக்கட்டும். விரல்நுனிகளை மட்டும், வலிந்து அழுத்தாமல், மடக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்து, நகத்தின் கோடு பந்தின் பரப்புக்கு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். செங்குத்துக்கு அருகில் நின்றால் பூஜ்யம். அதைத் தாண்டி உள்ளங்கைப் பக்கம் திரும்பினால் ஃபார்வர்ட். முன்பக்கம் படுத்திருந்தால் ரிவர்ஸ். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் தனித்தனியே பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

வலக்கையில் அளந்துவிட்டுப் புரட்டி எழுதுவது வேண்டாம். ஒரே ஆளின் இரண்டு கைகளுக்கும் மூட்டுத் தளர்வு வேறுபடும்.

தொடங்க ஏதாவது எண் சொல்ல முடியுமா?

ஃபிங்கர்டிப் பிடியில் இன்சர்ட் (விரல் துளைக்குள் ஒட்டும் மென்மையான உறை) போட்ட பந்துக்கு, நுனி மூட்டு தாராளமாக மடங்குபவருக்குப் பூஜ்யம் முதல் 1/8 ஃபார்வர்ட். நடுத்தரமாக மடங்குபவருக்குப் பூஜ்யம் முதல் 1/8 ரிவர்ஸ். மூட்டு இறுகியவர், கைக்குப் பொருந்திய ஸ்பேனே நீளமாக அமைந்தவர், மூட்டுவலி உள்ளவர் ஆகியோருக்கு 1/4 முதல் 3/8 ரிவர்ஸ் வரை போகலாம்.

கன்வென்ஷனல் பிடியில் விரல் இரண்டாம் மூட்டு வரை உள்ளே போவதால் கதை வேறு. அங்கே விரல் நன்றாக வளைந்து நிற்கும். 1/4, 3/8 ஃபார்வர்ட் சாதாரணம். கன்வென்ஷனலிலிருந்து ஃபிங்கர்டிப்புக்கு மாறுபவரின் பழைய பிட்சை அப்படியே புதுப்பந்துக்குக் கொண்டுவந்தால் விரல்கள் துளையில் மாட்டிக்கொள்ளும்.

இவை தொடக்கம் மட்டுமே. திருத்துவதாக இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு துளை, ஒரு திசை, 1/8 அங்குலம். ஃபார்வர்டையும் லேட்டரலையும் சேர்த்து மாற்றினால், எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஃபார்வர்ட் கூடினால், ரிவர்ஸ் கூடினால் என்ன ஆகும்?

ஃபார்வர்ட் கூடினால் விரல் பந்தை அதிக நேரம் பிடித்திருக்கும். அளவோடு இருந்தால் பிடி உறுதியாகத் தெரியும். மிஞ்சினால் விரல் தாமதமாக வெளிவரும், நுனி மூட்டின் உட்புறம் வீங்கும், நகம் துளையின் பின்சுவரில் இடித்துக் கறுக்கும். ரிவர்ஸ் கூடினால் விரல் சீக்கிரம் விடுபடும். மிஞ்சினால் பந்து நழுவுவது போலத் தோன்ற, வீசுபவர் தன்னையறியாமல் விரலை இறுக்கிப் பிடிப்பார். முன்கைத் தசை வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதை.

லேட்டரல் பூஜ்யம் என்றால் இரண்டு விரல் துளைகளும் இணையாக இறங்கும், அல்லவா?

இல்லை. இந்தத் தவறான எண்ணம்தான் அதிகப் பந்துகளைக் கெடுக்கிறது. இடக்கைக்காரர் பந்துகளை இன்னும் அதிகமாக.

பூஜ்யம் என்றால் இரண்டு துளைகளும் ஒரே மையத்தை நோக்கிப் போகின்றன. அப்படியானால் ஆழம் கூடக் கூட அவை நெருங்கித்தான் ஆக வேண்டும். இன்சர்ட்டுக்கு வழக்கமான 31/32 அங்குலத் துளைகளையும், நடுவே 1/4 அங்குலப் பிரிட்ஜையும் (இரண்டு துளைகளுக்கும் இடையே விடும் சுவர்) எடுத்துக்கொள்வோம். துளைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே சுமார் 1.22 அங்குலம். இரண்டு துளைகளும் சேர்ந்து ஒன்றையொன்று நோக்கி 16 பாகை சாய்ந்திருக்கும். மேலே 1/4 அங்குலம் இருந்த சுவர் மெலிந்துகொண்டே போய், சுமார் 0.9 அங்குல ஆழத்தில் மறைந்துவிடும். அதற்குக் கீழே இரண்டு துளைகளும் ஒன்றாகிவிடும்.

ஒவ்வொரு துளைக்கும் 1/8 அங்குலம் ‘ஒன்றைவிட்டு ஒன்று’ லேட்டரல் கொடுத்தால் சாய்வு 13 பாகையாகக் குறையும், சுவர் 1.1 அங்குல ஆழம் வரை தாங்கும். 1/4 கொடுத்தால் 9.6 பாகை, கிட்டத்தட்ட 1.5 அங்குலம் வரை தாங்கும். லேட்டரலைத் தொடாமல் பிரிட்ஜை மட்டும் 3/8 ஆக்கினால் 1.2 அங்குலம்.

இப்போது வலக்கைக்காரர் சீட்டு ஒன்றைப் பாருங்கள்: நடுவிரல் 1/8 இடது, மோதிர விரல் 1/8 வலது. அவர் பந்தில் நடுவிரல் இடப்பக்கம் இருப்பதால் இரண்டும் விலகும் திசை, சரிதான். இதே எழுத்துகளை மாற்றாமல் இடக்கைக்காரர் பந்தில் போட்டால் நடுவிரல் வலப்பக்கம் இருந்துகொண்டு இடப்பக்கம் சாயும். மோதிர விரல் இடப்பக்கம் இருந்துகொண்டு வலப்பக்கம் சாயும். சாய்வு 20 பாகையை எட்டிவிடும், முக்கால் அங்குல ஆழத்திலேயே சுவர் உடையும். துளையிடும் பிட் கீழே இறங்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அதற்குள் பந்துக்குப் பிளக் வேலை, அதாவது துளையை அடைத்து மறுபடி போடும் வேலை, வந்துவிட்டது என்று பொருள்.

சுவர் அடியில் உடைந்தால் உடனே பந்து பயனற்றதாகிவிடாது. ஆனால் இன்சர்ட்டுக்குப் பின்னால் தாங்கல் இருக்காது, பசை ஒரு துளையிலிருந்து மற்றதற்குக் கசியும், மெலிந்த பிரிட்ஜில் விரிசல் மேலே ஏறிவரும். ஆகவே துளை போடுவதற்கு முன் இன்சர்ட்டின் நீளத்தை அளந்து, அதற்குத் தேவையான ஆழத்துக்கு மேல் போகாதீர்கள். தேவையில்லாமல் கால் அங்குலம் ஆழமாக்குவது இங்கே நேரடியாகச் சுவரைத் தின்னும்.

அப்படியானால் எல்லோருக்கும் 1/4 விலக்கிப் போட்டுவிடலாமே?

கை அதற்கு ஒப்ப வேண்டுமே. விரல்கள் மடங்கும்போது தாமாகவே ஒன்றை நோக்கி ஒன்று வரும். ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தால், எல்லா நுனிகளும் மணிக்கட்டில் கட்டைவிரலின் வேர் இருக்கும் இடத்தைக் குறிவைப்பது தெரியும். மோதிர விரலில் இந்தத் திருப்பம் நடுவிரலைவிட அதிகம். ஆகவே கை கேட்பது நெருங்கும் துளைகள். பந்து கேட்பது விலகும் துளைகள்.

நல்ல வேளையாக இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற இடமிருக்கிறது. 1/8 விலக்கினாலும் துளைகள் இன்னும் 13 பாகை நெருங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. பெரும்பாலான கைகளுக்கு அது போதும். மோதிர விரல் வெகுவாகத் திரும்பும் கை என்றால் மோதிர விரலைப் பூஜ்யத்தில் விட்டு, விலக்கல் முழுவதையும் நடுவிரலுக்குக் கொடுக்கலாம். இடக்கைக்காரருக்கு அது நடுவிரலில் 1/4 வலது. சுவரின் கணக்கில் இரண்டும் ஒன்றே: 1/8ம் 1/8ம் சேர்ந்தது எவ்வளவோ, 1/4ம் பூஜ்யமும் சேர்ந்தது அவ்வளவே.

பிரிட்ஜை அகலமாக்குவது கடைசி வழியாக இருக்கட்டும். விரல்கள் தடித்தவருக்கு 3/8 பொருந்தலாம். மெலிந்த விரல்காரருக்கு அது விரல்களைக் கவைபோல விரித்துவிடும்.

துளையைத் தொடாமல் லேட்டரலைத் திருத்த வழி உண்டா?

சிறிய குறை என்றால் இன்சர்ட்டைத் திருப்பிப் பாருங்கள். நீள்வட்ட இன்சர்ட்டிலும், ஒரு பக்கம் மேடு வைத்த இன்சர்ட்டிலும், விரலின் சதைப்பகுதி படும் முகம் ஒன்று உண்டு. அதைக் கட்டைவிரல் துளையை நோக்கி நேராக ஒட்டிவிடுவது வழக்கம். மோதிர விரலின் சதைப்பகுதி சற்றே கட்டைவிரலின் வேர்ப்பக்கம் திரும்பியிருப்பதால், அந்த இன்சர்ட்டை அதே பக்கம் கொஞ்சம் திருப்பினால் பக்கவாட்டு உராய்வு பல கைகளில் நின்றுவிடும். இடக்கையை மேலிருந்து பார்க்கும்போது மோதிர விரல் இன்சர்ட்டின் முகம் கீழ்நோக்கி, வலப்பக்கம் சற்றே சாய்ந்து நிற்கும். வலக்கைப் பந்தில் பழகிய கை இதையும் எதிர்ப்பக்கம் திருப்பி ஒட்டிவிடும். பசை போடும் முன் வீசுபவரின் விரலை உள்ளே விடச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

பிட்சை மாற்றினால் ஸ்பேனையும் மாற்ற வேண்டுமா?

1/8 மாற்றத்துக்கு வேண்டாம். விரலின் சதை படும் அரை அங்குல ஆழத்தில் அது உண்டாக்கும் இடமாற்றம் 1/64 அங்குலத்தை எட்டாது. 3/8 அளவுக்கு மாற்றினால் மறுபடி அளந்துகொள்ளுங்கள், ஏனென்றால் விரல் நிற்கும் கோணமே மாறி, கை நீளும் அளவும் மாறியிருக்கும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. பிட்ச் சரியில்லை என்று வருபவர்களில் பலருக்கு உண்மையில் ஸ்பேன்தான் தவறு. ஸ்பேன் நீளமாக இருந்தால் ரிவர்ஸ் கொடுத்து ஒப்பேற்றலாம். கொஞ்ச நாள் சுகமாகவும் இருக்கும். ஆனால் நீட்டப்பட்ட கை நீட்டப்பட்ட கைதான். முதலில் ஸ்பேன், பிறகு துளையின் அகலம், பெவல் (துளை விளிம்பின் மழுக்கல்), கடைசியில்தான் பிட்ச் என்று வரிசையாகப் பாருங்கள். நடுவிரல், மோதிர விரல் ஸ்பேன்களைப் பெயரிட்டு எழுதுங்கள். ‘இடது துளை 4 3/8, வலது துளை 4 1/2’ என்று எழுதிய சீட்டு இடக்கைக்காரருக்குப் பொறி.

விரலில் உள்ள தடத்தைப் பார்த்துத் தவறைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பிட்ச் தவறினால் தடம் இரண்டு இடத்தில், எதிரெதிராக விழும். நேரான கம்பியைச் சாய்ந்த குழாயில் திணித்தால் மேலே ஒரு சுவரும் அடியில் எதிர்ச்சுவரும் உரசுவது போலத்தான். விரலின் நுனியில் ஒரு பக்கமும், மூட்டருகே அதற்கு எதிர்ப்பக்கமும் சிவந்திருந்தால், துளையின் அடிப்பகுதி நுனி உரசும் பக்கமாக நகர வேண்டும் என்று பொருள். அந்தப் பக்கம் போக விரும்பும் நுனியைத்தான் சுவர் தடுக்கிறது.

தடம் ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் பிட்சைக் குறை சொல்ல வேண்டாம். மூட்டைச் சுற்றி வளையமாகச் சிவந்தால் துளை இறுக்கம் அல்லது பெவல் போதவில்லை. நுனியில் மட்டும் காய்ப்பு இருந்தால் துளை தளர்ந்து, விரல் கொக்கிபோல வளைந்து பிடிக்கிறது. மோதிர விரலின் வெளிப்பக்கம் மட்டும் உரிந்தால் இன்சர்ட்டின் விளிம்பைத் தடவிப் பாருங்கள்.

தடத்தைப் பார்க்க வேண்டிய நேரம் வீசத் தொடங்கி அரைமணி நேரம் கழித்து. முதல் பத்து வீச்சில் எந்தப் புதுப்பந்தும் எங்காவது உரசத்தான் செய்யும்.

கட்டைவிரலுக்கு?

ஸ்பேன் குறுகினால் ஃபார்வர்ட் பக்கம், நீண்டால் ரிவர்ஸ் பக்கம். ஃபிங்கர்டிப் பிடியில் பூஜ்யத்துக்கும் 1/4 ரிவர்ஸுக்கும் இடையில் பலருக்கு அமையும். கட்டைவிரல் ஆழமாகப் போவதால் பிட்சின் விளைவும் பெரிது: 2 1/2 அங்குல ஆழத்தில் 1/8 பிட்ச் என்பது ஏறக்குறைய 1.9 மில்லிமீட்டர். லேட்டரல் மேலே சொன்னபடி எதிர்ப்பக்கம் மாறும்.

கட்டைவிரல் துளையில் ஸ்லக் என்னும் பிளாஸ்டிக் உருளையை ஒட்டி அதற்குள் துளை போட்டிருந்தால் பந்தைத் தொடாமல் ஸ்லக்கை மட்டும் மாற்றிப் பிட்சைத் திருத்தலாம். முதல் முறை இடக்கைக்காரருக்கு அளவெடுக்கும் கடைக்கு இது பெரிய வசதி.

இயந்திரத்தில் எந்தக் கட்டத்தில் இடவலம் புரள்கிறது?

பெரும்பாலும் கட்டைவிரலுக்குப் பந்தைத் திருப்பும்போது. விரல் துளைகளைப் போட்ட பின் பந்தை 180 பாகை திருப்பி வைத்துக் கட்டைவிரலைத் துளைக்கும் அமைப்பில், நிற்பவருக்கு இடது வலதாகிவிடும். வலக்கைப் பந்துகளில் அந்தப் புரட்டலைக் கை தானாகச் செய்யும், யோசிப்பதே இல்லை. இடக்கைப் பந்து வந்ததும் ‘இது எதிர்’ என்று மனம் ஒரு முறை புரட்ட, பழகிய கை இன்னொரு முறை புரட்ட, முடிவில் வலக்கைப் பந்தே பிறக்கிறது.

தடுக்க எளிய வழி, பந்தின் மேலேயே எழுதுவது. மெழுகுப் பென்சிலால் பிடியின் நடுக்கோட்டை வரையுங்கள். ஒவ்வொரு துளையிடத்துக்கும் அருகில் ‘நடு’, ‘மோதிரம்’, ‘கட்டை’ என்று எழுதுங்கள். உள்ளங்கை இருக்கும் பக்கத்தில் ‘கை’ என்று எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு துளைக்கும் அடிப்பகுதி போக வேண்டிய திசையில் ஓர் அம்பு. மையத்தை நகர்த்திப் பூட்டியதும், பிட்டுக்குப் பதிலாக ஒரு நேர்க்கம்பியைச் சக்கில் மாட்டி, பந்தின் பரப்பு வரை இறக்குங்கள். கம்பி உள்ளே போய்க்கொண்டே இருந்தால் மையத்தின் எந்தப் பக்கமாகப் போகும் என்று பாருங்கள். அம்பின் திசையோடு அது ஒத்துப்போனால் மட்டும் பிட்டை மாட்டுங்கள். இதற்கு ஒரு நிமிடம் ஆகும். பிளக் போட்டுக் காய வைக்க ஒரு நாள் ஆகும்.

துளை முடிந்ததும், இன்சர்ட் ஒட்டும் முன், பிட்ச் கேஜை வைத்து ஃபார்வர்டையும் லேட்டரலையும் அளந்து, சீட்டில் ‘கேட்டது’ பக்கத்தில் ‘வந்தது’ என்று எழுதிவையுங்கள். அடுத்த பந்துக்கு நகலெடுக்க வேண்டியது வந்ததை.

வலக்கைக்காரரின் பழைய பந்தை இடக்கைக்காரர் பயன்படுத்தலாமா?

துளைகளை அப்படியே வைத்து, வேண்டாம். நடுவிரல் மோதிர விரல் துளைக்குள் போகும், ஸ்பேன்கள் இடம்மாறும், லேட்டரல்கள் எல்லாம் எதிராகும். இன்சர்ட்டை மாற்றி அகலத்தைச் சரிசெய்யலாம், சாய்வைச் சரிசெய்ய முடியாது. உள்ளே இருக்கும் எடைக்கட்டியின் நிலையும் வலக்கை வீச்சுக்காக வைக்கப்பட்டது; இடக்கைக்காரர் வீசும்போது பந்து சுழலும் அச்சு எதிர்ப்பக்கம் அமையும். மூன்று துளைகளையும் பிளக் செய்து, எடைக்கட்டியின் உச்சியைக் காட்டும் ‘பின்’ என்ற புள்ளியின் இடத்தைப் பார்த்துப் புதிதாக லேஅவுட் (துளைகளின் இட அமைப்பு) போடுவதுதான் வழி.

கூடத்தில் கிடைக்கும் பொதுப்பந்து இரு கைக்கும் எப்படிப் பொருந்துகிறது?

அங்கே பொதுவாக இரண்டு விரல் துளைகளும் ஒரே அகலம், ஒரே ஸ்பேன், கன்வென்ஷனல் பிடி, தளர்ந்த துளை. யாருக்கும் சரியாகப் பொருந்தாததால் எல்லோருக்கும் ஓரளவு பொருந்துகிறது. அந்தப் பந்தின் பிட்சை அளந்து சொந்தப் பந்துக்குக் கொண்டுவர வேண்டாம்.

இரண்டு கையால் வீசும் இடக்கைக்காரருக்கு?

சுவீடனின் யெஸ்பர் ஸ்வென்சன் போலக் கட்டைவிரல் இல்லாமல் இரண்டு கையால் வீசுபவருக்குக் கை நீள்வதே இல்லை. விரல்கள் வளைந்தே நிற்கும். அதனால் ஃபார்வர்ட் பக்கம் போவது இயல்பு. 1/8 முதல் 1/4 வரையில் தொடங்கிப் பாருங்கள். பிரிட்ஜ் கணக்கு அப்படியே பொருந்தும்.

அமெரிக்க பௌலிங் அமைப்பான யுஎஸ்பிசியின் விதிகள் பொருந்தும் போட்டி என்றால் ஒன்றைக் கவனியுங்கள். 2020 ஆகஸ்ட் 1 முதல், விரல் விடாமல் எடையைச் சமன்செய்ய மட்டும் போடும் பேலன்ஸ் துளைக்கு இடமில்லை. பந்தில் உள்ள ஒவ்வொரு பிடித்துளையிலும் வீசும்போது விரல் இருக்க வேண்டும். கட்டைவிரல் துளை இருக்கிறது, ஆனால் பயன்படுத்துவதில்லை என்றால் அந்தப் பந்து செல்லாது. கட்டைவிரல் துளையே இல்லாத பந்தில், உள்ளங்கையின் நடு எங்கே வரும் என்பதற்கு அடையாளம் இட வேண்டும். 10 பவுண்டுக்கு மேற்பட்ட பந்தில் பக்கவாட்டு எடை வேறுபாடு 3 அவுன்ஸ் வரை அனுமதி உண்டு. விரல் பிட்சில் 1/8, 1/4 மாற்றுவதால் அந்த எல்லை தாண்டுமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை.

பந்து இன்னும் வளைய வேண்டும். ஃபார்வர்டைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள். வளைவைக் கூட்டவும் குறைக்கவும் பந்தின் பரப்பு, லேஅவுட், வீசும் வேகம் என்று வேறு வழிகள் இருக்கின்றன. இடக்கைக்காரர்கள் குறைவு என்பதால் பாதையின் இடப்பக்க எண்ணெய் மெதுவாகவே தேயும், பந்து நீண்ட நேரம் வழுக்கிக்கொண்டே போகும். ‘எனக்கு மட்டும் வளையவில்லை’ என்ற புகாருக்குப் பல நேரங்களில் அதுதான் காரணம். அதற்கு மருந்து பந்தின் பரப்பைக் கொஞ்சம் சொரசொரப்பாக்குவது. விரலைத் துளையில் சிக்கவைத்துச் சுழற்சி தேடினால் சில வாரங்களில் வீக்கம்தான் மிஞ்சும்.

ஒருமுறை சரியாக அமைந்த பிட்சை மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?

ஸ்பேன் மாறினால், உடல் எடை கணிசமாக ஏறினாலோ இறங்கினாலோ, விரலில் அடிபட்டு மூட்டு முன்போல மடங்காவிட்டால், கன்வென்ஷனலிலிருந்து ஃபிங்கர்டிப்புக்கு மாறினால். வளரும் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மூட்டுவாதம் தொடங்கியவருக்கு வலி வரும் வரை காத்திருக்காமல், விரல்நுனி மடங்குவது குறைந்தது தெரிந்ததுமே 1/8 ரிவர்ஸ் பக்கம் நகர்த்தலாம்.

காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி இருக்கிறது என்பது பிட்ச் குறை இல்லை. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற ஈரக்காற்று ஊர்களில் விரல் வீங்குவதும் சுருங்குவதும் அன்றாட விஷயம். அதற்கு ஓர் அளவு பெரிய இன்சர்ட்டும், கட்டைவிரலுக்கு உள்ளே ஒட்டும் டேப்பும் போதும்.